இருபது வோல்ட்டில் நிற்க வேண்டும்

நேற்று மாலை நானே செய்த ஸ்பாட் வெல்டிங் மெஷினில் ஒரு மருந்து தெளிப்பான் பேட்டரிக்கு 48 ஸ்பாட் வைத்தேன். பன்னிரண்டு செல், ஒரு செல்லுக்கு இரண்டு முனை, ஒரு முனைக்கு இரண்டு அடி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மீட்டரில் தெரிந்த வோல்ட்டேஜை ஓர் அட்டையில் குறித்துக்கொண்டே வந்தேன். ஆகக் குறைவு 19.5. ஆக அதிகம் 20.0. ஆடி மாதம் தொடங்கிய மெஷின் வேலை இது. தை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் இப்படி ஓர் அட்டை கைக்கு வந்திருக்கிறது. நடுவில் எங்கெங்கே தவறினேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில மாதங்களாவது மிச்சமாகட்டும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு இந்தப் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். இப்போது வரும் வேலை வேறு. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக்காரர்களும் பண்ருட்டி முந்திரித் தோப்புக்காரர்களும் முதுகில் மாட்டும் ஸ்ப்ரேயரைக் கொண்டுவந்து, பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு எடை குறைவாக லித்தியம் போட்டுத் தரச் சொல்கிறார்கள். தாழங்குடாவிலிருந்து ஃபைபர் படகுக்காரர்கள் விளக்கோடு வருகிறார்கள். 18650 என்ற உருளை லித்தியம் செல்லின் மேல் சால்டரிங் வைத்தால் சூடு உள்ளே இறங்கி செல் கெட்டுப்போகும். நிக்கல் பட்டையை வைத்து, ஒரு கணம் மட்டும் கரண்ட் பாய்ச்சி ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும். விலைக்கு வாங்கிய சிறிய மெஷின் 0.1 மில்லிமீட்டர் பட்டையைப் பிடித்தது, 0.15 பட்டையைப் பிடிக்கவில்லை. அதனால் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் கொடுக்கும் கெப்பாசிட்டர் வைத்து நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

மெஷினின் வயிறு இதுதான்: 47,000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஆறு, பக்கவாட்டில் இணைத்தது. மொத்தம் 0.28 ஃபாரட். 20 வோல்ட்டுக்கு ஏற்றினால் சுமார் 56 ஜூல் உள்ளே நிற்கும். காலால் சுவிட்சை மிதித்தால் எஸ்சிஆர் என்ற மின்னணு சுவிட்ச் ஒன்று திறந்து, அத்தனையும் சில மில்லி செகண்டில் இரண்டு செம்பு முனைகள் வழியாகப் பட்டைக்குள் இறங்கிவிடும். எஸ்சிஆரை புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ரெக்டிஃபையர் பலகையிலிருந்து கழற்றியதாக 300 ரூபாய்க்கு வாங்கினேன். 70 ஆம்பியர், போல்ட் வைத்த வகை. இந்தப் பாகம் எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. மீதி மாதங்கள் முழுவதையும் சாப்பிட்டது சார்ஜ் ஏற்றும் பக்கம்தான்.

சார்ஜுக்கு 18 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ், 4,700 மைக்ரோ ஃபாரட் ஃபில்டர், அதற்குப் பிறகு 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சுமை இல்லாதபோது பிரிட்ஜுக்குப் பின்னால் அளந்தால் 26.3 வோல்ட் காட்டுகிறது. கெப்பாசிட்டர் தாங்குவது 25. ஆகவே எங்கேயாவது நிறுத்தியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் நான் நிறுத்தியது கையால். சுவிட்சைப் போடுவது, மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவது, அணைப்பது, அடிப்பது. காலையில் எண்ணி அடித்த ஸ்பாட் நன்றாகப் பிடிக்கும். அதே ஐந்து எண்ணிக்கையில் சாயங்காலம் அடித்தது விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும். காரணம் தெரிய நாளாகவில்லை. எங்கள் தெருவில் காலையில் 240 வோல்ட் இருக்கும், விளக்கு வைக்கும் நேரத்தில் 205க்கு இறங்கிவிடும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் கெப்பாசிட்டரில் ஏறுவது ஒன்றாக இல்லை.

கையால் அணைக்கும் பழக்கத்துக்கு ஒரு ஃபோன் அழைப்பு முடிவு கட்டியது. சுவிட்சைப் போட்டேன், ஃபோன் அடித்தது, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் கடைக்குள் மீன் கெட்டது போல ஒரு வாடை. ஆறு கெப்பாசிட்டரில் ஒன்றின் தலை உப்பி, வெட்டுக்கோடு பிளந்து, ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தது. மீட்டர் 26.1 காட்டியது. 160 ரூபாய் போனது பெரிதில்லை. அது முகத்துக்கு நேராக வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே தீர்மானித்தேன்: கடிகாரத்தையோ என் ஞாபகத்தையோ நம்பி இந்த மெஷின் ஓடக் கூடாது. கெப்பாசிட்டரின் வோல்ட்டேஜைப் பார்த்து அதுவே சார்ஜைத் தொடங்க வேண்டும், அதுவே நிறுத்த வேண்டும்.

முதல் முயற்சி ரிலே, அதாவது காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் எல்எம் 393 என்ற கம்பேரட்டர் ஐசி, அளவுகோலுக்கு டிஎல் 431. இந்த டிஎல் 431 ஏறக்குறைய 2.5 வோல்ட்டை அசையாமல் பிடித்துத் தரும், விலை எட்டு ரூபாய். கெப்பாசிட்டர் வோல்ட்டேஜை இரண்டு ரெசிஸ்டர் வைத்து எட்டில் ஒரு பங்காகக் குறைத்து கம்பேரட்டருக்குக் காட்டினால், 20 வோல்ட் வரும்போது அங்கே 2.5 வரும். தாண்டியதும் ரிலே விழும், சார்ஜ் நிற்கும். காகிதத்தில் சரியாக இருந்தது. ஓடவிட்டபோது 20 வரை அழகாக ஏறி, அங்கே போனதும் ரிலே தையல் மெஷின் மாதிரி தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. இருபது நிமிடத்தில் அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது.

இதில் இரண்டு தவறுகள் இருந்தன. ஒன்று, வோல்ட்டேஜ் பார்க்கும் ஒயரை கெப்பாசிட்டர் காலில் இருந்து எடுக்காமல், சார்ஜ் ஒயர் வரும் வழியில் வசதியான ஓர் இடத்தில் ஒட்டியிருந்தேன். சார்ஜ் ஓடும்போது அந்த ஒயரில் 0.6 ஆம்பியர் போகிறது. அதற்கு ஒரு சின்ன இறக்கம் உண்டு. ரிலே விழுந்ததும் அந்த இறக்கம் மறைந்து 50 மில்லி வோல்ட் குறைவாகத் தெரிகிறது. கம்பேரட்டருக்கு அந்த 50 மில்லி வோல்ட் போதும், மறுபடி போடு என்று சொல்லிவிடும். இரண்டாவது, நிறுத்தும் இடமும் தொடங்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன. அவை கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். கம்பேரட்டரின் வெளிமுனையிலிருந்து உள்முனைக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டால் அந்த இடைவெளி கிடைக்கும். ஒயரை நேராகக் கெப்பாசிட்டர் காலுக்கே கொண்டுபோய் ஒட்டினேன், 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் போட்டேன். தடதடப்பு நின்றது. இந்த 1 மெகா ஓம் பின்னால் வேறு ஒரு வினையைக் கொண்டுவந்தது, அதற்கு வருகிறேன்.

ஒட்டிக்கொண்ட ரிலேயைப் பார்த்த பிறகு மாஸ்ஃபெட் என்ற, அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்சுக்கு மாறினேன். ஐஆர்எஃப் 9540, பி சேனல், 45 ரூபாய். எல்எம் 393 வெளிமுனை கீழே இழுக்கும் வகை என்பதால் இதற்கு மிகவும் பொருந்தும். வோல்ட்டேஜ் குறைவாக இருக்கும்போது ஐசி அதன் கேட்டை (கட்டளை வாங்கும் காலை) கீழே இழுக்கும், மாஸ்ஃபெட் திறக்கும். ஆனால் கேட்டை நேராகவே இழுத்துவிட்டேன். இந்த மாஸ்ஃபெட்டின் கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, நான் கொடுத்தது 26. முதல் மாஸ்ஃபெட் போட்ட உடனே ஷார்ட் ஆகி சார்ஜ் நிற்காமல் ஏறியது. 24ஐத் தொடும்போது பிளக்கைப் பிடுங்கினேன். மாஸ்ஃபெட் போலியாக இருக்குமோ என்று நினைத்து இரண்டாவதையும் போட்டு அதையும் கொன்றேன். பிறகு 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் இரண்டு வைத்துப் பாதியாக்கினேன், கேட்டுக்கு 13 வோல்ட்தான் போனது. காவலுக்கு, 15 வோல்ட்டுக்கு மேல் போகவிடாத ஒரு ஸீனர் டயோடு. அதன் பிறகு மூன்றாவது மாஸ்ஃபெட் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அடுத்து வந்ததுதான் என்னை அதிகம் அலையவிட்டது.

அதுவரை பல்பு வைத்துக் கெப்பாசிட்டரை இறக்கி இறக்கித்தான் சோதித்தேன். ஏறுவது, நிற்பது, குறைந்தால் மறுபடி ஏறுவது எல்லாம் சரி. அன்று முதல்முறையாக நிக்கல் பட்டை வைத்து மிதித்தேன். ஸ்பாட் அருமையாக விழுந்தது. மீட்டர் 1.1 வோல்ட்டுக்கு இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான், அங்கேயே நின்றுவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் ஹம் என்று இரைகிறது, மீட்டர் அசையவில்லை. பத்து விநாடிக்குள் 10 ஓம் ரெசிஸ்டரிலிருந்து புகை. அப்போது நான் போட்டிருந்தது 10 வாட் வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர். அதன் நடுவில் பழுப்பாக ஒரு கீறல் விழுந்து, தொட்டுப் பார்க்கப் போன விரல் நுனி வெந்துவிட்டது.

மறுபடியும் மாஸ்ஃபெட் போய்விட்டது என்று நினைத்தேன். கழற்றி மீட்டரில் பார்த்தால் நன்றாக இருக்கிறது. ஐசியை மாற்றினேன். பிரிட்ஜை மாற்றினேன். பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டால் ஒழுங்காக 20 வரை ஏறுகிறது. மிதித்தால் ஒரு ஸ்பாட், பிறகு அதே 1.1. மூன்று நாள் சாயங்காலம் இதே கதை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து பழுது பார்த்து, டிவி வரை வந்து ஓய்வு எடுத்தவர். நாலாவது நாள் அவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் எதையும் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒருமுறை மிதிக்கச் சொன்னார், மீட்டரைப் பார்த்தார்.

“தம்பி, நீ கையால ஆஃப் பண்ணி அடிச்சப்ப இந்தக் கோளாறு வந்துச்சா?”

“இல்லண்ணே.”

“அப்ப சார்ஜர் ஓடிக்கிட்டே இருக்கிறதுதான் வித்தியாசம். எஸ்சிஆரு ஒருக்கா திறந்தா, அதுல கரண்ட் ஓடுற வரைக்கும் மூடாது. நீ கெப்பாசிட்டருக்குன்னு அனுப்புற கரண்ட் பூரா அது வழியாத்தான் போயிக்கிட்டிருக்கு.”

அவ்வளவுதான் விஷயம். கெப்பாசிட்டர் காலியானதும் கம்பேரட்டர் தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது: வோல்ட்டேஜ் இல்லை, சார்ஜைத் திற என்று சொல்லியிருக்கிறது. உடனே 2 ஆம்பியருக்கு மேல் கிளம்பி, இன்னும் மூடாத எஸ்சிஆர் வழியாக ஓடியிருக்கிறது. எஸ்சிஆர் மூட வேண்டுமென்றால் அதில் ஓடும் கரண்ட் அதன் பிடிப்பு அளவுக்குக் கீழே, அதாவது சில நூறு மில்லி ஆம்பியருக்குள் இறங்க வேண்டும். 2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் எப்படி மூடும்? கையால் அணைத்த காலத்தில் அடிக்கும்போது சார்ஜர் அணைந்திருந்தது. தானியங்கி ஆக்கியதால் நானே கொண்டுவந்த கோளாறு இது.

நான் உடனே 555 ஐசி வைத்து, மிதித்ததும் ஒரு விநாடி சார்ஜை நிறுத்திவைக்கும் டைமர் போடலாம் என்று வரைய ஆரம்பித்தேன். பெரியவர் கால் சுவிட்சைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது மூன்று கால் மைக்ரோ சுவிட்ச். நான் பயன்படுத்தியது இரண்டு கால்தான். “இன்னொண்ணு சும்மாதானே கிடக்கு” என்றார். மிதிக்காதபோது சேர்ந்திருக்கும் அந்தக் காலின் வழியாக மாஸ்ஃபெட்டின் கேட் ஒயரைக் கொண்டுபோனேன். மிதித்தால் முதலில் அந்த இணைப்பு விடுபடும், சார்ஜ் அணையும். பிறகுதான் மறுபக்கம் தொட்டு எஸ்சிஆர் திறக்கும். காலை எடுக்கும் வரை சார்ஜ் கிடையாது. அதற்குள் எஸ்சிஆர் மூடிவிடும். எடுத்ததும் தானாக ஏறத் தொடங்கும். செலவு ஒரு முழம் ஒயர். அன்றைக்கே இருபது ஸ்பாட் வரிசையாக அடித்துப் பார்த்தேன், ஒருமுறைகூட மாட்டவில்லை. பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், காசு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

ரெசிஸ்டரையும் அன்றே மாற்றினேன். ஒரு முறை 20 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கெப்பாசிட்டரில் நிற்பது 56 ஜூல் என்றால், ரெசிஸ்டரில் சூடாகப் போவது கிட்டத்தட்ட 90. ஐந்து விநாடிக்கு ஓர் அடி என்றால் சராசரி 18 வாட். 10 வாட் ரெசிஸ்டர் இதற்கு ஆகவே ஆகாது. அலுமினிய உடம்பு வைத்த 50 வாட் ரெசிஸ்டர் 110 ரூபாய்க்கு வாங்கி, பழைய யூபிஎஸ் பெட்டியின் தகட்டில் திருகினேன். இப்போது 48 அடிக்குப் பிறகும் கை வைக்க முடிகிறது, சுடுகிறது, அவ்வளவுதான்.

சரி, அந்த 1 மெகா ஓம். மெஷின் ஓட ஆரம்பித்ததும் ஸ்பாட்டுகளைப் பிடுங்கிப் பார்த்தேன். நான் பார்க்கும் முறை இதுதான்: காலாவதியான செல்லில் பட்டையை வெல்டு செய்து, மூக்குக் குறடால் சுருட்டி இழுப்பேன். நல்ல ஸ்பாட் என்றால் பட்டை கிழிந்து, ஸ்பாட் இருந்த இடத்தில் ஓட்டை விழும், நிக்கல் துணுக்கு செல்லிலேயே நிற்கும். மோசமான ஸ்பாட் முழுசாகப் பெயர்ந்து வரும். பத்தில் மூன்று பெயர்ந்து வந்தது. எது பெயர்கிறது என்று கவனித்தபோது, ஏறி நின்றவுடனே அடித்தது எல்லாம் பிடித்திருந்தது, பட்டையைச் சரிசெய்துகொண்டு சற்றுத் தாமதமாக அடித்தது பெயர்ந்திருந்தது.

1 மெகா ஓம் கொடுத்த இடைவெளி 1.8 வோல்ட். அதாவது 20ல் நின்றால் 18.2 வரை இறங்கும் வரை மறுபடி ஏறாது. கெப்பாசிட்டர் ஏறி நின்ற முதல் சில நிமிடம் கொஞ்சம் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் இறங்கும். அந்த இறக்கத்தில் எங்கே மாட்டுகிறோமோ அந்த அளவுதான் கிடைக்கும். 20க்கும் 18.2க்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலத்தான் தோன்றும். ஆனால் உள்ளே நிற்கும் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தில் போகிறது. 20ஐ 20ஆல் பெருக்கினால் 400. 18.2ஐ அப்படியே பெருக்கினால் 331. ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. 0.15 பட்டைக்கு அந்த ஒரு பங்குதான் பிடிப்பதற்கும் பெயர்வதற்கும் நடுவில் இருக்கிறது. 3.3 மெகா ஓம் போட்டேன். இடைவெளி 0.55 வோல்ட் ஆனது. இப்போது எப்போது அடித்தாலும் இழப்பு இருபதில் ஒரு பங்குக்குப் பக்கம்தான்.

இதில் கடலூர்க்காரர்களுக்கு ஒரு சொல். 3.3 மெகா போன்ற பெரிய ரெசிஸ்டரைப் போர்டில் வைக்கும்போது சால்டரிங் பேஸ்ட்டை அப்படியே விடாதீர்கள். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று அந்தப் பசையில் படிந்து ஈரமாகி, அதுவே ஒரு ரெசிஸ்டராகிவிடும். முதல் வாரம் 20.0ல் நின்றது, அடுத்த வாரம் 19.6ல் நின்றது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் அந்த இடத்துக்கு மட்டும் மனைவியின் நெயில் பாலிஷைப் பூசினேன், நிறமில்லாதது. அதன் பிறகு நகரவில்லை.

உப்புக்காற்று செய்த பெரிய வேலை இதற்குப் பிறகுதான். ஐப்பசி மழை முடிந்து ஒரு நாள், படகு விளக்குக்கான செல்லின் அடிப்பக்கம் மிதித்தேன். வழக்கமான டப் சத்தத்துக்குப் பதிலாகச் சடீரென்று தீப்பொறி. பட்டையும் துளைத்து செல்லின் தகடும் துளைத்துவிட்டது. ஊசி நுழையும் அளவு ஓட்டை, அதிலிருந்து இனிப்பாக ஒரு மருந்து வாடை. செல்லை இடுக்கியால் எடுத்து வாசலில் வைத்திருக்கும் மணல் வாளியில் போட்டுவிட்டு வந்து மீட்டரைப் பார்த்தேன். மறுபடி ஏறிக்கொண்டிருந்தது: 21, 22, 23. பிளக்கைப் பிடுங்கினேன்.

20 வோல்ட்டை நுட்பமாக வைப்பதற்கு ஒரு பிரிசெட், அதாவது திருகி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர், வைத்திருந்தேன். அதை மேல் ரெசிஸ்டரோடு சேர்த்து வைத்திருந்தேன், அதிலும் மூன்றாவது காலை அந்தரத்தில் விட்டிருந்தேன். ஐந்து ரூபாய்த் திறந்த பிரிசெட். அதன் நடு நாக்கின் கீழே பச்சை பூத்துத் தொடர்பு விட்டு விட்டு வந்தது. தொடர்பு விட்டால் கம்பேரட்டருக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்றால் அது கெப்பாசிட்டர் காலி என்று எடுத்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் நான் வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஒரு பாகம் கெட்டால் வோல்ட்டேஜ் எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். பிரிசெட்டைக் கீழ்ப் பக்கம் மாற்றினேன்: மேலே 68 கே நிலையான ரெசிஸ்டர், கீழே 8.2 கே, அதோடு மூடிய பல சுற்று பிரிசெட் 5 கே, நடுக்காலும் ஓரக்காலும் சேர்த்து ஒட்டியது. இப்போது நாக்கு விட்டுப்போனால் கீழ்ப்பக்கம் 13.2 கே ஆகும், மெஷின் 15 வோல்ட்டிலேயே நின்றுவிடும். வெல்டிங் பிடிக்காது, நான் திறந்து பார்ப்பேன். செல் ஓட்டையாகாது. வேண்டுமென்றே நடுக்காலின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். 15.3ல் நின்றது.

பார்க்கும் ஒயரே அறுந்தால்? அதற்கும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆவதற்கும் சேர்த்து இரண்டாவது காவல் தேவைப்பட்டது. எல்எம் 393க்குள் இரண்டு கம்பேரட்டர் உண்டு, ஒன்று சும்மா இருந்தது. அதற்குத் தனி ஒயர், தனி ரெசிஸ்டர் ஜோடி: மேலே 68 கே, கீழே 8.2 கேயும் 270 ஓமும். பிரிசெட் கிடையாது. 22.5 வோல்ட்டைத் தொட்டால் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள ஒரு ரிலே விழுந்து சார்ஜ் பாதையையே வெட்டும். இரண்டு ஜோடி காண்டாக்ட் உள்ள ரிலே அது. மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை அழுத்தினால் தானே பிடித்துக்கொள்ளுமே, அதே இணைப்பு. ஒருமுறை விழுந்தால் நான் பட்டனை அழுத்தும் வரை எழாது. மாஸ்ஃபெட்டின் இரண்டு காலையும் கிளிப் போட்டு ஷார்ட் செய்து சோதித்தேன். 20, 21, 22 என்று ஏறி, டக் என்று ரிலே விழுந்தது. மீட்டரில் 22.4. இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை செய்வதென்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

செலவுக் கணக்கு: டிரான்ஸ்ஃபார்மர் 420, கெப்பாசிட்டர் ஆறும் 960, எஸ்சிஆர் 300, ரெசிஸ்டர் 110, கால் சுவிட்ச் 280, ஐசி, மாஸ்ஃபெட், ரிலே, மற்ற சில்லறைச் சாமான்கள் 230, செம்புப் பட்டையும் 16 சதுர மில்லிமீட்டர் கேபிளும் 350. மொத்தம் 2,650. பெட்டி பழைய யூபிஎஸ்ஸுடையது. கெடுத்தவை தனியாக ஒரு 350 இருக்கும், அதில் பாதி உப்பிய கெப்பாசிட்டர். ஏறும் நேரம் காலையில் 5 விநாடி, சாயங்காலம் 9 விநாடி. நேரம் மாறுகிறது, நிற்கும் இடம் மாறுவதில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான். 0.1 பட்டைக்கு 17 வோல்ட், 0.15க்கு 20 வைக்கிறேன்.

பட்டை வாங்கும்போது ஒன்று பாருங்கள். நிக்கல் என்று சொல்லி நிக்கல் பூசிய இரும்பையும் விற்கிறார்கள். ஒரு துண்டை உப்புத்தாளால் கீறி, உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டுவையுங்கள். நான் சில்வர் பீச்சிலிருந்து ஒரு பாட்டில் கடல் தண்ணீரே பிடித்து வந்து கடையில் வைத்திருக்கிறேன். காலையில் துரு தெரிந்தால் அது இரும்பு. படகு விளக்குக்கு அதைப் போட்டால் ஒரு பருவம் தாங்காது. இரும்புப் பட்டையில் ஸ்பாட் சுலபமாகப் பிடித்துவிடும் என்பதால், அதை வைத்து 20 வோல்ட்டைச் சரிபார்க்கவும் கூடாது.

25 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். ஒருமுறை ஸ்பேனர் இரண்டு செம்புப் பட்டைக்கும் நடுவில் விழுந்து அதன் நுனி உருகித் தெறித்தது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். மெயின் சுவிட்சை அணைத்தால் 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று கெப்பாசிட்டரோடு சேர்ந்துகொள்ளும்படி செய்திருக்கிறேன். மூன்று நிமிடத்தில் 1 வோல்ட்டுக்கு வந்துவிடும்.

இன்னொரு மெஷின் செய்தால் முதலில் மாற்றுவது அளவுகோலை. இப்போது இரண்டு கம்பேரட்டரும் ஒரே டிஎல் 431ஐத்தான் பார்க்கின்றன. அது கெட்டு மேலே போனால் இரண்டு காவலும் சேர்ந்தே ஏமாறும். மாஸ்ஃபெட்டையும் 50 வாட் ரெசிஸ்டரையும் ஒரே தகட்டில் திருகியிருக்கிறேன், அதையும் பிரிக்க வேண்டும். கெப்பாசிட்டர் கால்களில் போட்ட லக்குகள் (ஒயர் நுனி வளையங்கள்) வெறும் செம்பு, இப்போதே ஓரம் கறுத்திருக்கிறது. ஈயம் பூசிய லக்காக மாற்ற வேண்டும்.

இரண்டாவது டிஎல் 431 நேற்றே வாங்கிவிட்டேன். நெல்லிக்குப்பத்துக்காரர் சனிக்கிழமை ஸ்ப்ரேயரை எடுக்க வருகிறார். அவரை அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்கிறேன்.